ஐம்பத்து நாலு கிலோ

ஏறுங்ணா, ஏறுங்க. பஸ்ஸு இப்பத்தான் போச்சு, அடுத்தது வர அரை மணி நேரமாவது ஆகும். எங்க போகோணும்? கோமங்கலம் புதூரா? நான் உடுமலைக்கே போறேன், வழிதானுங்க. காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நானென்ன வாடகைக்கா ஓட்டறேன். பாத்துக் குனிஞ்சு உக்காருங்க, காரு சீட்டு தாழ்வா இருக்கும். பையத் தூக்கிப் பின்னால போட்டுருங்க.

அப்பறம் ஒரு சின்ன ஒத்தாசை. இந்த எளநியக் கொஞ்சம் புடிங்க. உங்களுக்குத்தான், ஆனா இப்பக் குடிச்சுராதீங்க. வாய் சீவியிருக்கு, விளிம்பு வரைக்கும் தண்ணி நிக்குது பாருங்க. அதை அப்படியே மடியில வெச்சுக்குங்க. அட, பயப்படாதீங்கண்ணா, வேட்டி நனையாது. ஒரு சொட்டு சிந்துச்சுன்னா நான் புது வேட்டி எடுத்துத் தர்றேன், போதுமா?

இந்தா, ஊஞ்சவேலம்பட்டி தாண்டியாச்சு. வரிசையா மூணு வேகத்தடை வருது பாருங்க. நான் பிரேக் மேல காலே வெக்க மாட்டேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. சிந்துச்சா? சிந்தலையில்ல? இதே வண்டியில பதிமூணு மாசத்துக்கு முன்னால நீங்க உக்காந்திருந்தீங்கன்னா, தண்ணி உங்க சட்டையில இருக்கும், மட்டை என் மண்டையில இருக்கும். இப்பக் குடிங்க, குடிங்க.

என் பேரு கிருபாகரனுங்க. பொள்ளாச்சிதான். தேங்கா நார் மில்லு நம்முளுது. வண்டியப் பாத்துட்டு எல்லாரும் என்னமோ ரேஸ்காரன்னு நெனைச்சுக்கறாங்க. ரேஸெல்லாம் இல்லை, ஒரு ஆசை. சின்ன வயசுலிருந்து இந்த மாதிரி வண்டி ஒண்ணு வாங்கோணும்னு. பிரெண்ட்ஸு அஞ்சு பேரு நாங்க, அஞ்சு பேருக்கும் இதே கிறுக்கு. ஞாயித்துக்கிழமையானா எங்கயாவது ஒண்ணாக் கெளம்பிருவோம்.

தப்பு என்னுதுதான், அதை நான் யாருகிட்டயும் மறைக்கறதில்லை. எந்தத் தப்புன்னு கேளுங்க. ஸ்பிரிங்கை வெட்டுன தப்பு. வாங்குனப்ப வண்டி ஒழுங்காத்தான் ஓடுச்சு. ஆனா பாக்கறதுக்கு கொஞ்சம் எக்கி நிக்கற மாதிரி இருக்கும், டயருக்கு மேல நாலு வெரல் சந்து. மத்த நாலு பேரு வண்டியும் தரையோட படுத்துக் கெடக்கும், என்னுது மட்டும் இப்படி நிக்கும். கேலி பண்ணுவானுக. ஒரு நாள் மில்லுலயே வெச்சு, வெல்டிங் பட்டறைக்காரனைக் கூப்புட்டு, நாலு ஸ்பிரிங்கையும் ஒண்ணரைச் சுத்து வெட்டி எடுத்துட்டேன். வண்டி அழகா உக்காந்துச்சு. ஆனா குதிய அடக்கற ஷாக்கு அதே பழைய ஷாக்குதானுங்களே? அது நீளமான ஸ்பிரிங்குக்குப் போட்டது. வெட்டுன ஸ்பிரிங்கு அதுக்கு அடங்குமா? ஒரு குழியில எறங்குனா மூணு தடவை குதிக்கும். அதை யாரும் எனக்குச் சொல்லலை. எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க.

நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, அது என் சம்சாரத்தோட சீட்டு. மோகனப்ரியா. உடுமலைப் பொண்ணு. வண்டி அந்தக் குதி குதிக்கும், ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்ல மாட்டா. மேல இருக்கற கைப்பிடியப் புடிச்சுக்குவா, சிரிப்பா. "மாமா, குதிரை வாங்கியிருந்தாத் தீனியாவது போட்டிருக்கலாம்"பா. நெம்பத் தங்கமான புள்ளைங்ணா. நான் ஒண்ணும் அவளைக் கொறை சொல்றதுக்காக இதையெல்லாம் சொல்லலை. இப்பப் போறது அவளைப் பாக்கத்தான்.

போன மார்கழியில, போன மார்கழின்னா அதுக்கு முந்துன மார்கழி, அவளுக்கு நாலாவது மாசம். வாந்தியெல்லாம் நின்னு, கொஞ்சம் தெளிவா இருந்தா. எங்க ஆளுக வால்பாறைக்கு ஏற்பாடு பண்ணிட்டானுக. அஞ்சு வண்டி, மேல ஒரு டீக்கடையில எல்லாரும் சேர்றது, போட்டோ எடுக்கறது, எறங்கறது. அவ்ளோதான். நான் வற்புறுத்தலைங்க. "வர்றியா அம்மணி, மேல பனியா இருக்கும், காத்தாட இருக்கும்"னுதான் கேட்டேன். அவளும் வர்றேன்னா. ஸ்வெட்டரெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டா.

ஆழியாறு தாண்டி, ஒம்பதாவது வளைவுகிட்ட, வயித்த வலிக்குதுன்னா. நிறுத்துங்க மாமான்னா. நான் என்ன நெனைச்சேன்? வண்டி குதிக்கறதுல வயிறு கொலுங்கியிருக்கும், மேல போயி ஒரு சூடு டீ குடிச்சாச் சரியாயிரும்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனைப்பாங்க? அதுவுமில்லாம நான் முதல் வண்டி. பின்னால நாலு வண்டி ஒட்டிக்கிட்டு வருது. அந்த ரோட்டுல நீங்க போயிருக்கீங்களா? நிறுத்தறதுக்கு எடமே இருக்காது. இருக்கும், அங்கங்க இருக்கும், வியூ பாயிண்ட்டுல இருக்கும். ஆனா சட்டுனு நிறுத்த முடியாது. "இந்த ஒரு வளைவு ஏறிரட்டும் அம்மணி"ன்னு சொன்னேன். அதட்டலைங்ணா. சாமி சத்தியமா அதட்டலை. அன்பாத்தான் சொன்னேன்.

மறுபடி சொன்னா. ரெண்டு மூணு தடவை சொல்லியிருப்பா. ஏழு தடவைன்னு அவங்க வீட்ல சொல்லியிருக்கறா. ஏழு! எந்தெந்த வளைவுல சொன்னேன்னு நம்பரோட சொல்லியிருக்கறா. அங்க ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் எழுதி நட்டிருப்பாங்க, அதைப் பாத்துச் சொல்றா. ஏனுங்ணா, அவ்ளோ வலியில இருக்கறவ நம்பரா பாத்துட்டு இருப்பா? இருபத்தி ரெண்டாவது வளைவுக்கு மேல அவ ஒண்ணுமே சொல்லலை. சத்தமே இல்லை. நானும் சரி, வலி நின்னு போச்சாட்டம் இருக்குதுன்னு பாட்டைக் கூட கொஞ்சம் சத்தமா வெச்சேன்.

மேல போயி நிறுத்தி, நான் எறங்கிச் சுத்தி வந்து கதவைத் தொறந்தேன். அவ எறங்கலை. என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்பறந்தான் சீட்டைப் பாத்தேன்.

அதைப் பத்தி நான் பேச மாட்டேனுங்க. அதை மட்டும் என்னால பேச முடியாது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. வண்டியினால இல்லை, மலையினால இல்லை, வீட்ல கட்டில்ல படுத்திருந்தாலும் இது நடந்திருக்கும், யாரு மேலயும் தப்பில்லைன்னு. அதை நான் மோகனாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "யாரு மேலயும் தப்பில்லையாம் அம்மணி, கேட்டியா"ன்னு. அவ செவுத்தப் பாத்துப் படுத்துட்டே இருந்தா. எனக்கும் அது புள்ளைதானுங்களே? நான் அழுகலைன்னு நெனைக்கறீங்களா? மில்லுல மஞ்சி நாருக் குவியலுக்குப் பின்னால போயி நின்னு அழுவேன். மெஷின் ஓடற சத்தத்துல யாருக்கும் கேக்காது.

அவ ஆஸ்பத்திரியில இருந்த மூணு நாள்ல நான் சும்மா உக்காந்திருக்கலைங்க. வண்டிய எடுத்துட்டுப் போயி சீட்டுக் கவரை மாத்திட்டேன். பழசு கருப்பு. இது பாருங்க, நல்ல பழுப்புத் தோலு, தச்சு வாங்குனது. உள்ள பஞ்சையும் மாத்தச் சொல்லிட்டேன். அவ ஆஸ்பத்திரியிலிருந்து வர்றப்ப எதையும் பாக்கக் கூடாதில்லைங்களா, மனசு சங்கடப்படுமே. படி எறங்கி வந்தா. நான் கதவைத் தொறந்து புடிச்சேன். சீட்டைப் பாத்தா. அப்படியே திரும்பிப் போயி அவ அண்ணன் பூபதியோட வண்டியில ஏறி உக்காந்துட்டா. அன்னைக்குப் போனவதான், உடுமலையிலயே இருக்கறா. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. நான் நல்லதுக்குத்தான பண்ணேன்?

அங்க என் மாமியா ஒரு வார்த்தை சொன்னாங்க. "வயித்துப் புள்ளைக்காரிய அந்தக் குதிக்கற வண்டியிலயா மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க"ன்னு வாசல்ல நின்னுட்டுக் கேட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அன்னைக்கே ஒரு வழியும் தெரிஞ்சு போச்சுங்ணா. குதிக்கறதுதான் குத்தம்னா, குதிக்காமப் பண்ணிட்டாப் போச்சு. அவ்ளோதான? மனுசனைச் சரி பண்றதுதான் கஷ்டம். வண்டி என்ன, போல்ட்டும் நட்டும்தான.

மொதல்ல பொள்ளாச்சியிலயே ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டேன். புது ஸ்பிரிங்கு, கேஸ் ஷாக்கு, எல்லாம் புதுசு. குதி நின்னுச்சு. ஆனா இப்ப இடிக்க ஆரம்பிச்சுது. மரவண்டியாட்டம் திம் திம்னு இடிக்குது. எனக்கு அதுவே பெருசாத் தெரிஞ்சுது. நேரா உடுமலைக்கு ஓட்டிட்டுப் போயி, மாமனாரை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போனேன். அவங்க தெருவுல ஒரு வேகத்தடை இருக்குது. மனுசன் தலை கூரையில போயி முட்டுச்சு. எறங்கி, மண்டையத் தடவிக்கிட்டே, "நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை"ன்னாரு. நல்ல மனுசன். மோகனா ஜன்னல்ல நின்னுட்டிருந்தா. வண்டியப் பாத்தா, என்னையப் பாத்தா, ஜன்னலைச் சாத்திட்டா.

அப்பறம் ரெண்டு மாசத்துல கீழ மூட்டுமூட்டுக்கு இருக்கற ரப்பர் புஷ்ஷெல்லாம் கிழிஞ்சு போச்சு. கோயமுத்தூர்ல பிராங்க்ளின்னு ஒருத்தரு இருக்கறாருங்க, கணபதி ஏரியாவுல ஒர்க்‌ஷாப். ரேஸ் வண்டிக்கெல்லாம் வேலை செய்யறவரு. அவருகிட்டக் கொண்டு போனேன். படுத்து உள்ள பாத்துட்டு எந்திரிச்சு வந்து, "யாருங்க இதை முடுக்குனது? வண்டிய ஜாக்கியில தூக்கி, சக்கரம் தொங்கறப்பவே போல்ட்டை முடுக்கிட்டான். எறக்குன உடனே ரப்பர் முறுக்கிக்கும். அப்பறம் இடிக்காம என்ன பண்ணும்? தரையில நிக்க வெச்சு, உக்கார்ற ஆளை உக்கார வெச்சு, அந்த வெயிட்டோடதான் கடைசி முடுக்கு முடுக்கோணும்"னாரு.

பாருங்க, எவ்வளவு சின்ன விசயம். இதுக்குப் போயி நான் எத்தனை மாசம் அலைஞ்சேன்.

அவரு புதுசா ஒரு செட்டுப் போட்டுக் குடுத்தாருங்க. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா வரும், மேல ஒரு திருகு இருக்கும். திருகுனா கிளிக் கிளிக்குன்னு சத்தம் வரும். எவ்வளவு கிளிக்கு வெக்கறமோ அந்தளவுக்கு மெதுவாகவோ கெட்டியாகவோ நிக்கும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி. "இடது பக்கம் யாரு உக்காருவாங்க?"ன்னு கேட்டாரு. என் சம்சாரம் மட்டுந்தான்னேன். "அவங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, வெச்சுப் பாத்து முடுக்கிரலாம்." வர முடியாதுங்கன்னேன். "அப்ப வெயிட்டாவது சொல்லுங்க."

எனக்குத் தெரியலைங்ணா. கட்டுன பொண்டாட்டி எடை எனக்குத் தெரியலை. அப்பறம் ஞாபகம் வந்து டேஷ்போர்டு டப்பாவைத் தொறந்தேன். அதுல அவ செக்கப் புஸ்தகம் இருந்துச்சு. மாசாமாசம் எடை போட்டு எழுதியிருப்பாங்கல்ல? கடைசி வரியில ஐம்பத்து நாலு கிலோ. அதுக்குக் கீழ அடுத்த மாசம் வர வேண்டிய தேதி மட்டும் எழுதியிருந்துச்சு, பக்கத்துல ஒண்ணும் எழுதலை. புஸ்தகத்தை அவருகிட்ட நீட்டுனேன். அவரு அந்தப் பக்கத்தைப் பாத்தாரு. அட்டையத் திருப்பிப் பாத்தாரு. அப்பறம், "தம்பி, இந்த வெயிட்டு இப்ப மாறியிருக்குமே"ன்னாரு.

இல்லைங்க, இதையே வெச்சுருங்கன்னேன்.

"அப்ப அந்த எடைக்கு ஏதாச்சும் கொண்டாந்து வெய்ங்க"ன்னாரு. எதுத்த மளிகைக் கடையிலிருந்து ரெண்டு சிப்பம் அரிசி, ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு கிலோ, மேல நாலு கிலோ சக்கரை. நானே தூக்கியாந்து இந்தச் சீட்டுல வெச்சு, பெல்ட்டுப் போட்டு விட்டேன். அந்தப் பக்கம் நான் உக்காந்தேன். அவரு கீழ படுத்து ஒவ்வொரு போல்ட்டா முடுக்கறாரு. நான் அரிசிச் சிப்பம் சரிஞ்சுராம ஒரு கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். எங்கிருந்துன்னு தெரியலை, அழுகை வந்துருச்சு. அவரு எந்திரிச்சுப் பாத்துட்டு மறுபடி குனிஞ்சுட்டாரு.

இடது முன்பக்கம் பதினாலு கிளிக்கு. அதை நான் யாரையும் தொட விட மாட்டேன். நீங்க என்ன, எழுவது கிலோ இருப்பீங்களா? எழுவத்தி ரெண்டா? அதனால உங்களுக்குக் கொஞ்சம் அமுங்கும். அவ உக்காந்தா இதைவிட நல்லா இருக்கும். கட்டில்ல படுத்திருக்கற மாதிரி இருக்கும்.

இன்னைக்கு எங்க போறேன்னு சொல்லலையே? பதினொரு மணிக்கு வக்கீல் ஆபீசுங்க. ரெண்டு பேரும் சேந்து பிரிஞ்சுக்கறோம்னு மனு, அதுல கையெழுத்துப் போடோணும். ஒரு வருசம் தனியா இருந்தாத்தான் போட முடியுமாம். அது போன மாசமே முடிஞ்சு போச்சு. அவ மொதல்லயே கையெழுத்துப் போட்டுட்டா. நாந்தான் பாக்கி. எனக்கு அவ வேணுங்ணா. வீட்டுக்குள்ள போனா அவ துண்டு கொடியில அப்படியே தொங்குது, எடுக்கறதுக்கு மனசு வர மாட்டேங்குது. பயமா இருக்குது. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகோணும்னு நெனைச்சாலே பயமா இருக்குது.

நான் பூபதிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "மச்சான், உங்க வீட்லிருந்து வக்கீல் ஆபீசு பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசம் அவ என்ற வண்டியில வரட்டும். ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்கட்டும். அதுக்கப்பறமும் வேண்டாம்னா, நான் பேசாமக் கையெழுத்துப் போட்டுர்றேன்." இதுல என்ன தப்பு இருக்குது? கேட்டுச் சொல்றேன்னான். நாலு நாளா பதிலே இல்லை.

நேத்துச் சாயங்காலம் அவளே போன் பண்ணா! பதிமூணு மாசத்துல மொத தடவை. "அம்மணி"ங்கறேன். அவ குரல் அப்படியே இருக்குது, கோவமே இல்லை. "மாமா, வண்டி குதிக்குதுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நிறுத்துங்கன்னுதான் சொன்னேன். ஏழு தடவை சொன்னேன்." அவ்ளோதான். வெச்சுட்டா.

ராத்திரியெல்லாம் அதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன். என்ன சொல்ல வர்றா? குதிக்குதுன்னு சொன்னதில்லையாம். அப்ப வண்டி மேல அவளுக்குக் கோவம் இல்லைன்னுதானங்க அர்த்தம்? அப்படின்னா உக்காருவாதான? அவ்ளோ நாள் பேசாதவ போன் பண்ணியிருக்கறா, வேண்டாம்னு நெனைக்கறவ எதுக்குப் போன் பண்ணப் போறா? நீங்க பெரியவங்க, நாலும் பாத்தவங்க, நீங்களே சொல்லுங்க.

என்னங்ணா? ஸ்டாப்பா? ஆமா, கோமங்கலம் புதூர்தான். இருங்க, இப்ப நிறுத்துனா பின்னால லாரிக்காரன் வந்து ஏறிருவான். முன்னால ஒரு பாலம் வருது, ஏறி எறங்கற எடத்துல நல்லா ஒடைஞ்சு கெடக்கும். எல்லா வண்டியும் அங்க தூக்கிப் போடும். அதுல இது எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்துட்டு எறங்கிக்குங்க. ரெண்டு நிமிசம். மோகனா என்கூட வீட்டுக்குத் திரும்பறப்ப அந்த வழியாத்தான வரோணும், அவளுக்காக ஒருத்தரு உக்காந்து பாத்துச் சொன்னா எனக்கு ஒரு தெம்பா இருக்கும்.

ஏன் கதவைப் புடிக்கறீங்க? ஓடற வண்டியிலங்ணா! நான் என்ன உங்களைக் கடத்திட்டா போறேன்? திரும்ப வர ஆட்டோ இருக்குது, நானே ஏத்தி விடறேன். சாஞ்சு உக்காருங்க. மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது, ஏசியக் கூட்டட்டுமா?

கேக்குதுங்ணா. நாலு தடவை சொல்லிட்டீங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இந்தப் பாலம் ஒண்ணு தாண்டிரட்டும்.